ஜூலையில் கட்டணம், மார்ச்சில் உதவித்தொகை
தமிழ்நாட்டின் உயர்கல்வி நிதியுதவி: ஒரு மறுவாசிப்பு

கேள்வி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நாளிதழ்களின் கல்வி இணைப்புகளில் உதவித்தொகைப் பட்டியல்கள் வரத் தொடங்கும். ஒன்றிய அரசின் திட்டங்கள், மாநில அரசின் திட்டங்கள், அறக்கட்டளைகள், வங்கிக் கடன் என்று பக்கம் நிறையும். வழிகாட்டி முகாம்களிலும் இதே பட்டியல்தான் படிக்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: உதவி ஏராளமாக உள்ளது, மாணவருக்குத்தான் அது தெரியவில்லை; தெரியப்படுத்திவிட்டால் போதும்.

இந்த எடுகோளைத் தமிழ்நாட்டை முன்வைத்துச் சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கம். இங்கே அதைச் சோதிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் பலர் தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அவர்களுக்கான திட்டங்களும் இங்கே அடுக்கடுக்காக உள்ளன. அப்படியிருந்தும் கல்லூரி திறக்கும் மாதத்தில் நகைக்கடன் கவுன்டரில் கூட்டம் குறையவில்லை என்றால், குறை தகவலில் மட்டும் இருக்க முடியாது.

வழக்கமான இரண்டு விளக்கங்கள்

இதுவரையிலான பேச்சு இரண்டு தடங்களில் ஓடுகிறது. முதலாவது மேலே சொன்ன 'விழிப்புணர்வு' விளக்கம். அரசு அலுவலர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இது வசதியானது. யாரையும் குற்றம் சொல்வதில்லை, துண்டறிக்கை அடித்தால் கடமை முடிகிறது. இரண்டாவது, நிதி ஒதுக்கப்படவில்லை, ஒதுக்கியது வந்து சேரவில்லை என்னும் அரசியல் விளக்கம். தலித் இயக்கங்களும் மாணவர் அமைப்புகளும் பல ஆண்டுகளாக முன்வைப்பது இதைத்தான். அதற்கு வலுவான ஆதாரம் உண்டு என்பதைப் பின்னர் பார்ப்போம்.

என் வாசிப்பில் இரண்டுமே ஒன்றைத் தவறவிடுகின்றன. உதவியின் தொகையைப் போலவே அது வந்து சேரும் காலமும், அதைப் பெற மாணவர் நுழைய வேண்டிய வாசலும் முக்கியமானவை. கல்லூரி ஜூலையிலோ ஆகஸ்டிலோ பணம் கேட்கிறது. அரசு கல்வியாண்டின் கடைசியில் தருகிறது, சில ஆண்டுகளில் அதற்கும் பிறகு. நடுவில் இருக்கும் மாதங்களை யார் சுமப்பது என்பதைத் திட்டங்கள் எழுதிவைப்பதில்லை. எழுதப்படாத இடத்தில் குடும்பம் சுமக்கிறது.

மகமை முதல் 1944 வரை

படிப்புக்குப் பிறர் பணம் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் அரசு தொடங்கியது அன்று. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறக்கொடையிலிருந்து 1842இல் சென்னையில் பள்ளி எழுந்தது. பின்னர் அது கல்லூரியானது. விருதுநகர் நாடார்கள் வணிகத்தில் எடுத்துவைத்த மகமை என்னும் பொதுநிதியைக் கொண்டு 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். 1910இல் உருவான நாடார் மகாஜன சங்கம் மாணவர்களுக்குக் கல்வி நிதி வழங்கியது. இந்த வகை உதவிக்கு ஒரு வசதி இருந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தெருவில் இருந்ததால் சான்றிதழ் தேவைப்படவில்லை, காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. அதன் எல்லையும் அந்தத் தெருதான். வணிகம் செய்யவோ நிலம் வைத்திருக்கவோ விடப்படாத சாதிகளுக்கு மகமை ஏது?

தகுதிக்கு மட்டும் தரப்படும் உதவி எவ்வளவு நிலையற்றது என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச இராமானுஜன், ஆங்கிலத்தில் தேறாததால் அதை இழந்தார். கல்லூரியும் கைவிட்டுப் போயிற்று. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தபோது அவர் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அதே 1913இல்தான் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த மாதம் பதினொன்றரை பவுன் உதவியோடு அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மன்னரின் பரிவு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் எவரும் இல்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றதும் 1942இல் அவர் அளித்த கோரிக்கை மனுவில் பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசு நிதி வேண்டுமென்று வலியுறுத்தினார். 3 லட்சம் ரூபாய் ஒதுக்கீடு கிடைத்தது. 1944இல் தொடங்கிய பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, இந்தியாவின் மிகப் பழைய உயர்கல்வி உதவித் திட்டங்களில் ஒன்றாக இன்றும் நீடிக்கிறது. ஒருவரின் தயவு உரிமையாக மாறிய இடம் அது. உரிமையானதும் அதற்குப் படிவம் வந்தது, படிவத்தோடு தாமதமும் வந்தது.

எந்த வாசல்

இன்று தமிழ்நாட்டில் ஒரு மாணவருக்கு என்ன உதவி கிடைக்கும் என்பதை முடிவு செய்வது அவருடைய வறுமை மட்டுமன்று. அவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்த வழியில் கல்லூரியில் சேர்ந்தார் என்பவையும் சேர்ந்துதான்.

2010–11இல் தொடங்கிய முதல் பட்டதாரி சலுகையை எடுத்துக்கொள்வோம். இதற்குச் சாதி வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இருக்கக் கூடாது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும். பொறியியல் மாணவருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணத்தில் கழிகிறது. கலந்தாய்வில் விரும்பிய பாடம் கிடைக்காமல், அல்லது முகவரின் பேச்சைக் கேட்டு, அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இது கிடையாது. அவருடைய வீட்டிலும் பட்டதாரி இல்லை; அவர் கட்டும் தொகையோ கூடுதல்.

7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கு 2021இலும் வந்த இந்த ஏற்பாட்டில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துச் சேர்ந்தவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. வருமானம் கேட்பதில்லை. திட்டங்களில் இதுவே சிறந்த வடிவமைப்பு என்பது என் கருத்து. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளியில், அதே ஊரில், அதே கூலிக்காரர் வீட்டிலிருந்து படித்த பிள்ளை இதற்கு வெளியே நிற்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் என்னும் மாதம் 1,000 ரூபாய்த் திட்டமும் அரசுப் பள்ளி மாணவியருக்கென்றே தொடங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள் பின்னர்தான் சேர்க்கப்பட்டனர்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான நிலையும் இதுவே. 2012 செப்டம்பரில் ஆதிதிராவிடர் நலத்துறை வெளியிட்ட அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிப்போரின் திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடரையும் உள்ளடக்கியது. தமிழ்நாட்டின் பல வீடுகளில் முதல் பொறியாளரை உருவாக்கிய ஆணை அது. 2018இல் ஒன்றிய அரசு திருத்திய வழிகாட்டு நெறிகள் நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களை உதவித்தொகையிலிருந்து விலக்கின. முறைகேடுகளைத் தடுக்க இது வேண்டியிருந்தது என்ற வாதத்தில் உண்மை உண்டு. உதவித்தொகையைக் குறிவைத்தே ஆள் சேர்த்த கல்லூரிகள் இருந்தன. ஆனாலும் கல்லூரி செய்த தவறுக்கான தண்டனை மாணவர் தலையில் விழுந்தது.

ஆக, உதவி தேடும் வேலை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தொடங்குவதில்லை. ஆறாம் வகுப்பில் பெற்றோர் எந்தப் பள்ளியைத் தேர்ந்தார்கள் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. அந்த வயதில் அந்த முடிவை எடுக்கும் பெற்றோருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

சான்றிதழும் வருமானமும்

முதல் பட்டதாரி சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பதாரர் மட்டுமின்றி தாத்தா, பாட்டி, தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோரின் கல்வித் தகுதியும் கேட்கப்படுகிறது. படித்தவருக்கு மாற்றுச் சான்றிதழ் நகல் வேண்டும். பள்ளிக்கே போகாதவருக்கு எந்த நகலைக் கொடுப்பது? உறுதிமொழி எழுதித் தர வேண்டியதுதான். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, மண்டலத் துணை வட்டாட்சியர் ஒப்பமிட்ட பிறகு சான்றிதழ் இறங்கும். அண்ணன் ஏற்கெனவே சலுகை பெற்றிருந்தால் தங்கைக்கு இல்லை. அண்ணன் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டிருந்தாலும் விளக்கம் கொடுத்து அலைய வேண்டும்.

இதில் தமிழருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'மு. கவிதா', ஆதாரில் 'கவிதா முருகன்', வங்கிக் கணக்கில் 'கவிதா எம்' என்றிருக்கும். மூன்றும் ஒரே பெண் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தேசிய உதவித்தொகை வலைத்தளமும் கல்லூரி மாணவர் பதிவுக்கான மாநிலத்தின் யூமிஸ் தளமும் ஆதாரை அச்சாகக் கொண்டவை. பணமும் ஆதார் இணைந்த கணக்குக்கே போகிறது. பள்ளியில் திறந்து, பின்னர் யாரும் தொடாமல் செயலிழந்த கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால், உதவித்தொகை அங்கேயே போய் முட்டி நிற்கும். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைக் கவனிக்கும் எழுத்தர் ஒருவர் பொறுமைசாலியாக இருப்பதும் இல்லாததும் இங்கே ஒரு மாணவரின் கல்வியாண்டைத் தீர்மானிக்கலாம்.

இதைவிட ஆழமான சிக்கல் வருமான வரம்பில் இருக்கிறது. பட்டியல் சாதி மாணவருக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகைக்கு ஆண்டு வரம்பு 2.5 லட்சம் ரூபாய். 2013இல் வைத்த வரம்பு இது. விலைவாசி ஏறியும் அது நகரவில்லை. ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு 4.5 லட்சம். தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பெண்களுக்கான பிரகதி உதவித்தொகைக்கு 8 லட்சம். 2019இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டுக்கும் 8 லட்சமே. ஆண்டுக்கு 7 லட்சம் ஈட்டும் உயர்சாதிக் குடும்பம் நலிந்தது, 3 லட்சம் ஈட்டும் தலித் குடும்பம் நலிவடையாதது என்று ஒரே அரசு இரண்டு மேசைகளில் எழுதிவைத்திருக்கிறது. இதற்குக் கொள்கை நியாயம் சொல்லும் எவரையும் நான் இதுவரை படித்ததில்லை.

வரம்பு யாரை வெட்டுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நூற்பாலையில் மாதம் 15,000 ரூபாய் வாங்கும் தந்தையும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் 9,000 வாங்கும் தாயும் உள்ள வீட்டைக் கற்பனை செய்வோம். ஆண்டுக்கு 2.88 லட்சம் ஆகிறது, உதவித்தொகை இல்லை. அதே தொகையை நாள்கூலியாகப் பெறும் கொத்தனாரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. விசாரணையில் எழுதப்படும் எண்தான் அவர் வருமானம். முன்பு வருமானச் சான்றுகளில் 72,000 என்ற எண் அடிக்கடி தென்பட்டது தற்செயலா? மாநிலத்தின் மருத்துவக் காப்பீடு முதலிய திட்டங்களுக்கு அதுவே வரம்பாக இருந்தது. கொத்தனார் பொய் சொல்கிறார் என்பது இதன் பொருளன்று. அளக்க முடியாத ஒன்றை அளந்ததாக அரசு பாவனை செய்கிறது. அந்தப் பாவனையில் முதலில் அடிபடுவது, பிஎஃப் பிடித்தத்தோடு குறைந்த சம்பளம் வாங்கும் தொழிலாளி.

காலம்

இனி மையமான சான்றுக்கு வருவோம். நிதி வரவில்லை என்ற அரசியல் விளக்கத்துக்கு ஆதாரம் வலுவானது என்றேன். பட்டியல் சாதி மாணவருக்கான உதவித்தொகையில், ஐந்தாண்டுத் திட்டக் காலத்தின் இறுதியாண்டுச் செலவை அடுத்த காலத்தில் மாநிலமே ஏற்க வேண்டும்; அதற்கு மேற்பட்டதை மட்டும் ஒன்றிய அரசு தரும் என்பது பழைய சூத்திரம். அதிகம் பேரைப் படிக்கவைத்த மாநிலத்தின் தலையிலேயே அதிகச் சுமை விழும். பன்னிரண்டாம் திட்டம் 2017இல் முடிந்தபோது தமிழ்நாடு ஏற்க வேண்டிய தொகை சுமார் 350 கோடியிலிருந்து 1,500 கோடிக்கு மேல் எகிறியது. 2018இல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நிலுவையைக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 60:40 என்ற பங்கீட்டை ஏற்று, ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. பணச்சிக்கலின் ஒரு பாதி இதனால் தீர்ந்தது.

மறுபாதி அப்போதுதான் பிறந்தது. முன்பு கட்டணம் பெரும்பாலும் கல்லூரியின் கணக்குக்குச் சென்றது. தாமதமானால் நட்டம் கல்லூரிக்கு. கல்லூரி அதை நுழைவுச் சீட்டைப் பிடித்துவைத்து மாணவரிடம் காட்டியது உண்மைதான், ஆனாலும் கடனாளி அரசாகவே இருந்தது. 2021இன் புதிய நெறிகளில் ஒன்றிய அரசின் 60 விழுக்காடு நேரடியாக மாணவரின் கணக்குக்கு வருகிறது, அதுவும் மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு. அதைப் பெற்றதும் குறிப்பிட்ட சில நாள்களில் மாணவர் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். இடைத்தரகரை ஒழிக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் இப்போது கல்லூரிக் கணக்குப் புத்தகத்தில் பாக்கிக்காரராக இருப்பது பதினெட்டு வயது மாணவர். முன்பணம் இல்லாமல் சேர்க்க 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாட்டையும் அதே நெறிகள் சொல்கின்றன. தனியார் கல்லூரி அலுவலகங்களில் நடைமுறையில் கேட்கும் வாசகம் வேறு: "இப்போ கட்டிடுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் வாங்கிக்கலாம்."

கட்டுவதிலும் உதவித்தொகைக்குள் வராதவை உண்டு. பேருந்துக் கட்டணமும் வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணமும் கல்விக் கட்டணத்தில் அடங்காதவை. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கான முதல் பிரிவில் வெளியிலிருந்து வந்து படிப்பவருக்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 7,000 ரூபாய்; விடுதியில் இருப்பவருக்கு 13,500. பத்து மாதக் கல்லூரிக்கு மாதம் 700 என்று வைத்துக்கொண்டால் அது பேருந்துச் செலவுக்கே பற்றாது.

தகவலா, காலமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சோதனைகள் வெளிச்சம் தருகின்றன. பெட்டிங்கர், லாங் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வரிக் கணக்கு தயாரிக்கும் நிறுவன அலுவலகத்துக்கு வந்த ஏழைக் குடும்பங்களில் ஒரு குழுவுக்கு உதவித்தொகைப் படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தனர். இன்னொரு குழுவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் சொல்லி அனுப்பினர். முதல் குழுவில் பள்ளி முடிக்கும் நிலையிலிருந்த பிள்ளைகளிடம், இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை நிறைவு செய்தோர் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினர். தகவல் மட்டும் பெற்ற குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மிச்சிகனில் டைனார்ஸ்கி குழுவினர் செய்தது இன்னும் எளிமையானது. நல்ல மதிப்பெண் பெற்ற ஏழை மாணவருக்கு, 'மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் நான்காண்டுக்கும் கட்டணம் கிடையாது' என்ற உறுதியை விண்ணப்பிக்கும் முன்பே கடிதமாக அனுப்பினர். அவர்களில் பெரும்பாலோர்க்கு அந்த உதவி எப்படியும் கிடைத்திருக்கும். உறுதி மட்டுமே புதிது. விண்ணப்பித்தோர் 26 விழுக்காட்டிலிருந்து 68 ஆயினர். சேர்ந்தோர் 12இலிருந்து 27 ஆயினர். அமெரிக்க நிலைமை வேறு; கலந்தாய்வு முறை அங்கில்லை. எண்களை இங்கே பொருத்துவது தவறு. ஆனால் முன்கூட்டிய உறுதி வேலை செய்யும் முறை எந்த நாட்டு ஏழைக்கும் பொருந்தக் கூடியதே.

கடன்

இடைவெளியை நிரப்ப அரசு காட்டும் வழி கல்விக் கடன். வங்கிகள் சங்கத்தின் 2001ஆம் ஆண்டு மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் வரை பிணை வேண்டியதில்லை. 2009 முதல், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை ஒன்றிய அரசு ஏற்றது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி, 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களின் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடி தருகிறது. ஆனால் தரவரிசையில் முன்நிற்கும் நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்வோருக்குத்தான். சாதாரண ஊர்க் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறை மாணவர் மீண்டும் வாசலுக்கு வெளியேதான். வங்கிக் கடன் ஒப்புதலாகவும் வாரங்கள் ஆகும். அதற்குள் கட்ட வேண்டிய தேதி போய்விடுகிறது; அம்மாவின் தோடு முதலில் போகிறது.

அகரம் போன்ற அறக்கட்டளைகள் இங்கே பெறும் மதிப்புக்கு அதை நிறுவிய நடிகர் சூர்யாவின் புகழ் மட்டும் காரணமன்று. வீட்டுக்கே வந்து விசாரித்து, சேர்க்கைக்கு முன்பே முடிவு சொல்லிவிடுவது அவற்றின் பலம். பழைய மகமை முறையின் நற்பண்பு அது. அரசின் பரப்பை அவற்றால் எட்ட முடியாது என்பதும் வெளிப்படை.

வடிவமைப்பு பற்றி

மேற்சொன்ன சான்றுகளின்படி, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டு மாணவருக்கான ஏற்பாடு மற்றவற்றிலிருந்து மாறுபடுவது மூன்று இடங்களில்: கலந்தாய்வின்போதே முடிவு தெரிகிறது, வருமானச் சான்று இல்லை, கட்டணக் கணக்கு அரசுக்கும் கல்லூரிக்கும் இடையில் நடக்கிறது, மாணவர் நடுவில் நிற்பதில்லை. இதே ஏற்பாட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விரிக்க முடியாதா? கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையிலேயே 'கட்டணம் அரசால் செலுத்தப்படும்' என்று அச்சிட முடியாதா? சாதிச் சான்று ஏற்கெனவே கணினியில் உள்ளது. பள்ளி மாணவர் பதிவுக்கான எமிஸ் தளத்தில் பள்ளி விவரம் உள்ளது.

இதற்கு எதிரான வாதம் ஒன்று உண்டு. கல்லூரிக்கு நேரே பணம் போனால் போலிச் சேர்க்கை பெருகும், முன்பு பெருகியது என்பார்கள். ஏற்க வேண்டிய எச்சரிக்கை. ஆனால் கலந்தாய்வில் இடம்பெற்ற மாணவரைப் போலியாக உருவாக்குவது எளிதன்று. முறைகேடு நடந்தது பெரும்பாலும் கலந்தாய்வுக்கு வெளியே. தொழிற்கல்வி அல்லாத கலை, அறிவியல் கல்லூரிகளில் கலந்தாய்வு மாநில அளவில் ஒன்றாக இல்லாததால், அங்கே வேறு சரிபார்ப்பு வேண்டும். அதை மாணவர் வருகைப் பதிவோடு இணைக்கலாம். இணைக்கும்போது வருகை குறைந்த மாணவர், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவராக இருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்கு முன் செய்யக்கூடிய செலவில்லாத ஒன்று உண்டு. மாநிலத்தின் பங்கு எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, ஒன்றியத்தின் பங்கு எந்தத் தேதியில் மாணவர் கணக்கை அடைந்தது என்று மாவட்ட வாரியாக, ஆண்டு வாரியாக ஒன்றிய, மாநில அரசுகளின் துறைகள் வெளியிடலாம். எத்தனை பேருக்கு எவ்வளவு கோடி என்ற கணக்கைக் கொள்கை விளக்கக் குறிப்புகள் ஆண்டுதோறும் அச்சிடுகின்றன. எந்த மாதத்தில் என்ற பத்தியை அந்த அட்டவணைகளில் சேர்க்க வேண்டும்.